அரை செக்கன் வழக்கு: பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது?

ஒரு ஊர்வலத்துக்கு எவ்வளவு சனம் வந்தது என்று கேட்டால் ஏற்பாட்டாளர்கள் ஐயாயிரம் என்பார்கள், பொலிஸார் ஐந்நூறு என்பார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்து 'இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது பேர்' என்று செய்தி எழுதக்கூடாது என்பது ஊடகக் கற்கையில் நான் படித்த முதற் பாடங்களில் ஒன்று. இரண்டு எண்ணையும் போடவேண்டும், யார் சொன்னது என்று போடவேண்டும், முடிந்தால் யார் எப்படி எண்ணினார்கள் என்று விசாரிக்கவேண்டும்.

பிரபஞ்சவியலில் இப்போது ஏறத்தாழ இப்படியொரு தகராறுதான் நடக்கிறது. பிரபஞ்சம் விரிகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு வேகமாக என்று கேட்டால்தான் பிரச்சினை. ஒரு தரப்பு 67 என்கிறது, மறு தரப்பு 73 என்கிறது. ஊர்வலக் கணக்கைப் போல இங்கே எவரும் எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. இரு தரப்பும் மிகக் கவனமாக அளந்தவர்கள். 2013ஆம் ஆண்டிலிருந்து இரு தரப்பும் தங்கள் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் இடைவெளி மூடுவதற்குப் பதிலாக இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு 'ஹபிள் இழுபறி' என்று பெயர் வைக்கலாம்.

இந்த ஆராய்ச்சிகளைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். பௌதிகவியல் படிக்காத ஒருவருக்கும் விளங்கும்படி அந்த வழக்கை இங்கே எடுத்து வைக்கிறேன். பயப்படவேண்டாம், சமன்பாடு ஒன்றும் இல்லை.

67 என்றால் என்ன, 73 என்றால் என்ன?

ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு. அது ஏறத்தாழ 9.5 ட்ரில்லியன் கிலோமீற்றர். வானியலாளர்களுக்கு அதுவும் சிறிதாகத் தெரிவதால் 3.26 மில்லியன் ஒளியாண்டுகளைச் சேர்த்து 'மெகாபார்செக்' என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். ஒரு மெகாபார்செக் தொலைவில் உள்ள விண்வெளி, செக்கனுக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் எங்களிடமிருந்து விலகுகிறது என்பதுதான் அந்த எண். தூரம் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்கு. இந்த எண்ணை ஹபிள் மாறிலி என்று அழைக்கிறார்கள்.

எங்கள் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர். செக்கனுக்கு 73 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஐந்தரை செக்கனில் புறக்கோட்டையில் நிற்கலாம். 67 என்றால் ஏறத்தாழ ஆறு செக்கன். அரை செக்கனுக்காகவா உலகத்துப் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் மல்லுக்கட்டுகின்றன என்று கேட்பீர்கள். ஆம், அந்த அரை செக்கனுக்காகத்தான். ஏன் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

விரிவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடவேண்டும். பிளம்ஸ் போட்டுக் குழைத்த பணிஸ் மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மா பொங்கும்போது ஒவ்வொரு பிளம்ஸும் மற்றப் பிளம்ஸிலிருந்து விலகும். பிளம்ஸ் ஒன்றும் நடந்து போவதில்லை, நடுவிலுள்ள மா பெருக்கிறது. எந்தப் பிளம்ஸில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை எல்லாம் தன்னை விட்டு ஓடுவதாகத்தான் தெரியும். ஆகவே நாங்கள்தான் நடுவில் இருக்கிறோம் என்று பெருமைப்பட இடமில்லை.

இன்னொன்று. ஈர்ப்பு விசை இறுக்கிப் பிடித்திருக்கும் இடங்களில் இந்த விரிவு நடப்பதில்லை. பூமி விரிவதில்லை, சூரியக் குடும்பம் விரிவதில்லை, எங்கள் பால்வீதியும் விரிவதில்லை. வேலிச் சண்டையில் 'பிரபஞ்சம் விரிந்ததால் என் காணியும் விரிந்தது' என்று வாதாட முடியாது. பக்கத்து விண்மீன் மண்டலமான அன்ட்ரோமெடா, விலகுவதற்குப் பதிலாகச் செக்கனுக்கு 110 கிலோமீற்றர் அளவு வேகத்தில் எங்களை நோக்கியே வருகிறது. அங்கே ஈர்ப்புதான் வெல்கிறது.

வேகம் சுலபம், தூரம்தான் தலையிடி

ரயில் கூவிக்கொண்டு கிட்ட வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், கடந்து போனதும் தடித்துவிடும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இதை டொப்ளர் விளைவு என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். விலகிப் போகும் விண்மீன் மண்டலத்தின் ஒளிக்கும் இதைப்போல ஒன்று நடக்கிறது: ஒளியின் அலை இழுபட்டுச் சிவப்புப் பக்கம் சாய்கிறது. எவ்வளவு சாய்ந்தது என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும்.

தூரத்தை அப்படி அறிய முடியாது. இரவில் கடற்கரையில் நின்று கடலில் தெரியும் ஒரு வெளிச்சத்தைப் பாருங்கள். அது கிட்ட நிற்கும் சிறிய படகின் விளக்கா, தூரத்தில் போகும் கப்பலின் பெரிய விளக்கா? விளக்கின் உண்மையான வலு தெரிந்தால் மட்டுமே தூரத்தைச் சொல்லலாம். வானத்தில் அப்படி வலு தெரிந்த விளக்கு எங்கே இருக்கிறது?

அதைக் கண்டுபிடித்தவர் ஹென்றியேட்டா சுவான் லீவிட். அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில், தொலைநோக்கி பிடித்த கண்ணாடித் தகடுகளை அலசிக் கணக்கெடுத்த பெண்களில் ஒருவர். கூலி மணித்தியாலத்துக்கு 30 சதம். செபீட் எனப்படும் விண்மீன்கள் ஒரு ஒழுங்கில் மங்கிப் பிரகாசிக்கும். சிறிய மெகலானிக் முகில் என்ற தொகுதியில் உள்ள 25 செபீட்களை ஒப்பிட்டு 1912இல் அவர் ஒரு விடயத்தைக் காட்டினார்: துடிப்பு எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ, விண்மீன் அவ்வளவு பிரகாசமானது. அதாவது எத்தனை நாளுக்கு ஒரு தடவை துடிக்கிறது என்று எண்ணினால் போதும், விளக்கின் வலு தெரிந்துவிடும். சுவீடன் கணிதவியலாளர் ஒருவர் அவரை நோபல் பரிசுக்கு முன்மொழிய விரும்பி 1925இல் கடிதம் எழுதினார். லீவிட் இறந்து அப்போது மூன்று வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தன.

அவர் தந்த அளவுகோலைக் கையில் எடுத்தவர் எட்வின் ஹபிள். 1923 ஒக்டோபரில் அன்ட்ரோமெடாவின் படத்தகடு ஒன்றில் புது விண்மீன் என்று குறித்திருந்த ஒரு புள்ளி, உண்மையில் செபீட் என்று கண்டார். பழைய குறிப்பை வெட்டிவிட்டு, 'மாறும் விண்மீன்' என்பதன் சுருக்கத்தை எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டார். அன்ட்ரோமெடா எங்கள் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி உலகம் என்பது அந்தப் புள்ளியால் உறுதியானது. 1929இல் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, பிரபஞ்ச விரிவைக் காட்டும் தரவை வெளியிட்டார். பெல்ஜியத்தைச் சேர்ந்த பாதிரியாரும் பௌதிகவியலாளருமான ஜோர்ஜ் லெமெய்ட்ர் இதே முடிவுக்கு 1927இலேயே வந்திருந்தார்.

ஹபிள் சொன்ன எண் என்ன தெரியுமா? ஏறத்தாழ 500! அந்த வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால் பிரபஞ்சத்தின் வயது இரண்டு பில்லியன் வருடம்தான். பூமியின் பாறைகளுக்கே அதைவிட வயது கூட என்று தெரியவந்தபோது, தாயைவிடப் பிள்ளை மூத்தது என்ற நிலைமை.

அந்தச் சிக்கலை அவிழ்க்க உதவியது ஓர் இருட்டடிப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்கை அணைத்தபோது, அருகிலுள்ள மவுன்ட் வில்சன் மலை வானாய்வகத்துக்கு அருமையான இருட்டு கிடைத்தது. ஜேர்மனியரான வால்டர் பாடே அப்போது 'எதிரி நாட்டவர்' என்பதால் போர் வேலைகளில் சேர்க்கப்படவில்லை. அதனால் தொலைநோக்கியில் அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது. (2022இல் மணிக்கணக்கான மின்வெட்டில் மொட்டை மாடியில் படுத்துக் கிடந்தவர்களுக்கு இருட்டு வானத்தின் அருமை தெரியும்.) விண்மீன்கள் இரண்டு தலைமுறையாகப் பிரிகின்றன, அவற்றின் செபீட்களும் ஒரே வலுவுடையவை அல்ல என்று பாடே கண்டறிந்தார். 1952இல் அவர் அதை அறிவித்தபோது பிரபஞ்சத்தின் அளவு ஒரே நாளில் இரண்டு மடங்கானது.

பிறகும் சண்டை ஓயவில்லை. அலன் சன்டேஜ் 50 என்றார், ஜெரார்ட் டி வோகூலேர் 100 என்றார். இருவரும் பல வருடம் விட்டுக்கொடுக்கவில்லை. 2001இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை வைத்து வென்டி பிரீட்மனின் குழு 72 என்று அறிவித்தது, கூடக்குறைய 8. இரு தரப்புக்கும் நடுவில் வந்து விழுந்த எண்தான். ஆனால் அது சமரசம் பேசி எடுத்த எண் அல்ல. புதிதாக அளந்து எடுத்த எண்.

73 தரப்பு: ஏணி வைத்து அளப்பவர்கள்

இன்றைய ஏணிக்கு மூன்று படிகள். முதற்படி, கிட்ட உள்ள விண்மீன்கள். உங்கள் பெருவிரலை முகத்துக்கு முன் நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். பூமி சூரியனின் இரண்டு பக்கத்திலும் நிற்கும்போது விண்மீனும் அப்படி இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்திலிருந்து தூரம் கிடைக்கும். ஐரோப்பாவின் கையா செய்மதி இதில் மிகப் பெரிய வேலை செய்தது. இரண்டாம் படி, லீவிட்டின் செபீட்கள். மூன்றாம் படி, செபீட் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வெடிக்கும் ஒரு வகைச் சுப்பர்நோவா.

இந்த மூன்றாம் படியில் ஒரு தமிழரின் கையெழுத்து இருக்கிறது. லாகூரில் பிறந்து சென்னையில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த விண்மீனின் எச்சமான வெண் குறுமீன், சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்டு நிலைத்திருக்க முடியாது என்பது அதன் முடிவு. அன்றைய பெரிய வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1935இல் சபை நடுவே அதைக் கேலி செய்தார். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வெண் குறுமீன் பக்கத்து விண்மீனின் பொருளை உறிஞ்சி அந்த எல்லையை நெருங்கும்போது வெடித்துச் சிதறும் என்பது பாடநூல் விளக்கம். இரண்டு வெண் குறுமீன்கள் இணைந்து வெடிப்பதும் உண்டு. இந்த வெடிப்புகளின் பிரகாசத்தைத் திருத்தி ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம் என்பதால், தூரத்தை அளக்க இவை வசதியான விளக்குகள்.

இந்த ஏணியில் ஏறி அளக்கும் குழுவுக்கு அடம் ரீஸ் தலைமை தாங்குகிறார். குழுவின் சுருக்கப் பெயர் 'ஷூஸ்', அதாவது சப்பாத்து. ஈர்ப்பு வில்லைகளை வைத்து அளந்த இன்னொரு குழு தனக்கு 'ஹோலி கவ்' என்று பெயர் வைத்தது. பிரபஞ்சத்தை அளக்கிறவர்களுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் பொறுப்பு கிடையாது. 2022இல் சப்பாத்துக் குழு அறிவித்த எண் 73, கூடக்குறைய 1.

67 தரப்பு: குழந்தைப் படம் பார்ப்பவர்கள்

1964இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஆர்னோ பென்சியாஸும் ரொபர்ட் வில்சனும் ஒரு பெரிய கொம்பு வடிவ அன்ரனாவில் வேலை செய்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் இரைச்சல். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சம்தான் காரணமோ என்று கழுவித் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பெருவெடிப்புக்கு 380,000 வருடங்களின் பின் புறப்பட்ட ஒளியின் மிச்சம். இன்று குளிர்ந்து மறை 270 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. புறா எச்சத்தில் தொடங்கிய விசாரணை 1978இல் நோபல் பரிசில் முடிந்தது. இந்தியத் தொலைக்காட்சிக்காக வீட்டுக் கூரையில் அன்ரனா திருப்பிய தலைமுறைக்கு ஒரு செய்தி: அன்று திரையில் புள்ளி புள்ளியாக மொய்த்ததில் ஒரு சிறு பங்கு இந்தப் பழைய ஒளிதான்.

ஐரோப்பாவின் பிளாங் செய்மதி இந்த ஒளியை வானம் முழுவதும் படம் பிடித்தது. அது பிரபஞ்சத்தின் கைக்குழந்தைப் படம். கிளினிக்கில் பிள்ளையின் நிறையைக் குறிக்கும் வளர்ச்சி வரைபு உங்களுக்குத் தெரியும். குழந்தையின் அளவும் வரைபும் இருந்தால், வளர்ந்த பிறகு எவ்வளவு உயரம் இருக்கும் என்று கணிக்கலாம். இங்கே வரைபு என்பது பிரபஞ்சவியலின் நியம மாதிரி: 5 சதவீதம் எங்களுக்குத் தெரிந்த சாதாரண பொருள், 27 சதவீதம் கரும்பொருள், 68 சதவீதம் கருஞ்சக்தி. அந்த வரைபின்படி 13.8 பில்லியன் வருடம் முன்னோக்கி ஓட்டினால் இன்று விரிவு வேகம் 67.4, கூடக்குறைய 0.5. இது 2018 முடிவு. சிலியின் அட்டகாமா பாலைவனத் தொலைநோக்கியும் 2025இல் பிளாங்கின் எண்ணுக்கு நெருக்கமான எண்ணையே தந்தது. ஆகவே பிளாங்கின் கருவியில் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

நாடா பிழையா, வரைபு பிழையா?

இப்போது வழக்கு விளங்கும். ஒரு தரப்பு வளர்ந்த பிள்ளையை நேரில் நிறுத்தி நாடா பிடித்து அளக்கிறது. மறு தரப்பு குழந்தைப் படத்தையும் வளர்ச்சி வரைபையும் வைத்து உயரம் சொல்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. இது தற்செயலாக நடக்க மில்லியனில் ஒன்றுக்கும் குறைந்த வாய்ப்பே இருக்கிறது என்கிறது சப்பாத்துக் குழு. அப்படியானால் நாடா பிழை, அல்லது வரைபில் நாங்கள் அறியாத ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

நாடாவில் பிழை தேடும் வேலைக்கு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்தது. தூரத்துச் செபீட்களின் ஒளி பக்கத்து விண்மீன்களின் ஒளியோடு கலந்து அளவைக் கெடுக்கிறது என்பது பழைய சந்தேகம். 130 மில்லியன் ஒளியாண்டு தூரம்வரை வெப் பார்த்தது. ஹபிளின் அளவுகள் சரிதான் என்று ரீஸ் குழு 2024இல் அறிவித்தது. அதே வருடம், அதே வெப்பை வைத்து வென்டி பிரீட்மன் குழு வேறு இரு வகை விண்மீன்களையும் சேர்த்து அளந்தபோது 70ஐ அண்டிய எண் வந்தது. பிழை வரம்போடு பார்த்தால் பிளாங்கோடு பெரிய முரண் இல்லை என்பது அவர்களின் வாதம். நீங்கள் எடுத்த மாதிரி சிறியது, அதனால் எண் இறங்கியது என்பது ரீஸ் தரப்பின் பதில். நாடா பிடிக்கிறவர்களுக்குள்ளேயே இப்போது இரண்டு அணி.

வரைபில் பிழை தேடுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது கொஞ்சக் காலம் ஒரு மேலதிக சக்தி இருந்து மறைந்ததா? அறியாத வகை நியூட்ரினோ உண்டா? கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஓரிடத்தைச் சரிசெய்தால் இன்னோரிடத்தில் இடிக்கிறது என்பதால் எல்லோரும் ஏற்ற விடை இன்னும் இல்லை.

சரித்திரம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. பாடேயின் காலத்தில் பிழை நாடாவில்தான் இருந்தது. 1998இலோ எல்லாம் தலைகீழ். சுப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள், விரிவின் வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்று கண்டன. நாடா சரியாக இருந்தது, மாற வேண்டியிருந்தது வரைபுதான். கருஞ்சக்தி என்ற சொல் வந்தது அதன் பின்தான். 2011இல் அதற்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர் இதே அடம் ரீஸ்.

மூன்றாவது சாட்சி வருமா?

செய்திக்காரர்களுக்குப் பழக்கமான வழி இதுதான்: இரண்டு பேர் முரணாகச் சொன்னால், இருவரோடும் தொடர்பில்லாத மூன்றாமவரைத் தேடுவது. 2017 ஓகஸ்ட் 17இல் அப்படி ஒருவர் வந்தார். 130 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரோன் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலையை லைகோ, வேர்கோ கருவிகள் பிடித்தன. ஈர்ப்பலையின் வடிவமே தூரத்தைச் சொல்லிவிடும், ஏணி தேவையில்லை. அந்தச் சாட்சி சொன்ன எண் 70. ஆனால் 62இலிருந்து 82வரை எதுவாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குத் தளர்வான சாட்சியம். இரு தரப்பு வழக்கறிஞர்களும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனார்கள். இதுபோல இன்னும் பல மோதல்கள் கிடைத்தால் எண் இறுகும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 5,000 சிறு ரோபோக்களைக் கொண்டு விண்மீன் மண்டலங்களைக் கணக்கெடுக்கும் டெசி ஆய்வு, கருஞ்சக்தி காலத்தோடு பலவீனமாகிறதோ என்ற சந்தேகத்தை 2024இலும் 2025இலும் கிளப்பியது. அது உறுதியானால் பெரிய செய்தி. ஆனால் 67-73 வழக்கை அது தீர்க்கவில்லை, பக்கத்தில் இன்னொரு வழக்கைத் திறந்திருக்கிறது. சிலியில் 2025 ஜூனில் முதற் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகம், பத்து வருடத்தில் மில்லியன் கணக்கான சுப்பர்நோவாக்களைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

அரை செக்கனில் என்ன இருக்கிறது?

வரைபை அப்படியே வைத்துக்கொண்டு 73ஐப் போட்டால் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ ஒரு பில்லியன் வருடம் குறைகிறது. மிகப் பழைய விண்மீன்களின் வயதோடு அது நெருக்கடிப்படும். பழைய தாய்-பிள்ளைக் கதை திரும்ப வரக்கூடும். அதைவிடப் பெரியது வேறொன்று. பிரபஞ்சத்தின் 95 சதவீதத்துக்குக் கரும்பொருள், கருஞ்சக்தி என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அவை என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அந்த மாதிரியில் விரிசல் இருந்தால், அது முதலில் தெரியப்போவது இப்படிச் சின்ன இடைவெளி ஒன்றிலாக இருக்கலாம். அரை செக்கனை யாரும் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இதுதான்.

இனி உங்கள் முகநூலில் 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி, பெருவெடிப்புக் கொள்கை தகர்ந்தது' என்று ஒரு தலைப்பு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ஏணி வைத்து அளந்ததா, குழந்தைப் படம் பார்த்ததா? கூடக்குறைய எவ்வளவு? தொடர்பில்லாத இன்னொரு குழுவும் அதையே சொல்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் பகிர அவசரப்படவேண்டாம். 13.8 பில்லியன் வருடம் காத்திருந்த பிரபஞ்சம் இன்னும் ஒரு நாள் காத்திருக்கும்.